கூப்பிட்டவுடன் ஓடிவரும் குட்டி: திருமலையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் நாய் வளர்க்கும் பல வீடுகளில் படலை பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். மீன்காரர் வருவார், பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடுவார்கள், பக்கத்து வீட்டு அன்ரி ஒரு கோப்பை கறியோடு வந்து படலைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று கதைப்பார், அந்த நேரம் பார்த்துக் குட்டி ஒழுங்கைக்கு இறங்கிவிடும். ஒழுங்கை எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்கே தெரியும். நிலாவெளி வீதியோ கண்டி வீதியோ, பஸ்ஸும் டிப்பரும் ஓடுகிற ஏதோ ஒரு வீதி. அந்த இடத்தில் குட்டியைக் காப்பாற்ற உங்களிடம் இருப்பது உங்கள் குரல் மட்டும்தான். கை கொடுக்க, இருக்க, உருள எல்லாம் ஆறுதலாகப் பழக்கலாம். கூப்பிட்டால் வரப் பழக்குவதை மட்டும் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கிவிடுங்கள்.

வீதிக்கு மட்டுமான விஷயமும் இல்லை இது. எங்களுடையது எல்லாரும் கலந்து வாழ்கிற ஊர். தொழுகைக்குப் போகிற ஒருவர் மீது குட்டி பாய்ந்து நக்கினால் அவர் திரும்ப வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வரவேண்டியிருக்கும், முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போகிறவருக்கும் அது சங்கடம்தான். நாய் என்றாலே பயந்து நடுங்கும் பிள்ளைகள் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அதோடு விசர்நாய்க்கடிப் பயம் இலங்கையில் இன்னும் போகவில்லை, அதனால் தன்பாட்டில் திரியும் எந்த நாயையும் சனம் ஒரு சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. குரல் கேட்டதும் திரும்பி ஓடுகிற நாய் யாருடையதோ ஒரு வீட்டு நாய் என்பது பார்த்தவுடனே விளங்கிவிடும், அதற்குக் கல்லெறிய யாருக்கும் மனம் வராது.

தொடங்குவதற்கு முன்

குட்டி பாசத்தால் வருகிறது என்று நினைக்க எல்லாருக்கும் ஆசைதான், பாசமும் உண்டு, ஆனால் வந்தபோது தனக்கு என்ன நடந்தது என்பதை அது ஒவ்வொரு தடவையும் மனதில் வைத்துக்கொள்கிறது. வந்தேன், ஈரல் துண்டு கிடைத்தது. வந்தேன், முதுகைத் தடவினார்கள். வந்தேன், கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். இந்த மூன்றாவது விஷயம் நாலைந்து தடவை நடந்தால் போதும், அடுத்த முறை கூப்பிட்டவுடன் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும், நாங்களும் “இது சொல்வழி கேளாத குட்டி” என்று பட்டம் கட்டிவிடுவோம்.

ஆகவே ஒரே ஒரு சட்டம்: கூப்பிட்டு வந்த குட்டிக்கு ஒருநாளும் நட்டம் வரக்கூடாது. குளிக்கவார்க்க, உண்ணி பிடுங்க, பூச்சி மருந்து பருக்க, நகம் வெட்ட, சங்கிலியில் கட்ட, இதில் எதற்காகவும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நீங்களே எழும்பிப் போய், சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். கட்டியே ஆகவேண்டிய நேரம் என்றால், கூப்பிட்டு, தின்னக் கொடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் விளையாடிவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

ஏச்சும் அப்படித்தான். செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது, நீங்கள் “ரொக்கி, இஞ்ச வா” என்று கூப்பிடுகிறீர்கள், அது வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது, வந்ததும் முதுகில் ஒன்று போடுகிறீர்கள். அரை மணி நேரத்துக்கு முன் கடித்த செருப்புக்கும் இப்போது விழுந்த அடிக்கும் தொடர்பு இருப்பது குட்டிக்குத் தெரியாது. அடி விழுமுன் அது கடைசியாகச் செய்தது உங்களிடம் வந்ததுதான், ஆகவே வந்ததற்குத்தான் அடி என்று எடுத்துக்கொள்ளும். செருப்பை எடுத்து மேலே வைத்துவிடுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

வயதைப் பற்றியும் சொல்லவேண்டும். குட்டியை 8 கிழமையாவது தாயோடு விடுவது நல்லது. ஏறக்குறைய 3 கிழமை முதல் 14 கிழமை வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம், அதில் பாதி உங்கள் கையில் கிடைக்கிறது. நாலு மாதம் வரை குட்டிக்கு உங்களைப் பின்தொடர்வது இயல்பாகவே வரும், நீங்கள் நடந்தால் அதுவும் காலுக்குள் ஓடிவரும். “இது எங்கேயும் போகாது” என்று பலர் ஏமாறுவது இந்த மாதங்களில்தான். அதற்குள் பழக்கத்தை ஊன்றிவிட்டால், ஐந்தாறு மாதத்தில் தைரியம் வந்து வெளியே பார்க்கத் தொடங்கும்போது உங்கள் கையில் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும்.

தடுப்பூசிகள் முடியும் வரை கட்டாக்காலி நாய்கள் நடமாடும் நிலத்தில் குட்டியை இறக்கிவிடாதீர்கள், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் நீண்ட நாள் உயிரோடு கிடக்கும். ஊசிகளின் நாட்களை மிருக வைத்தியர் குறித்துத் தருவார், விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடவேண்டும். அதுவரை வீட்டுக்குள்ளும் உங்கள் வளவுக்குள்ளும் செய்ய நிறைய இருக்கிறது.

சொல்லைத் தெரிவுசெய்யுங்கள்

பெயர் வேறு, கூப்பிடும் சொல் வேறு. “ரொக்கி சாப்பிட்டானா”, “ரொக்கியை உள்ளே விடு”, “ரொக்கி எங்கே மூத்திரம் பெய்திருக்கிறான் பார்” என்று குட்டியின் பெயர் நாள் முழுக்க வீட்டில் அடிபடும், அதனால் பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்த்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரச் சொல்வதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். வெறும் “வா” போதாது, வீட்டில் எல்லாரும் எல்லாரையும் அந்தச் சொல்லால்தான் கூப்பிடுகிறோம். “ஓடிவா” நல்ல சொல், கடைசியில் நீட்டிச் சொல்லலாம், தூரத்துக்கும் கேட்கும். எதுவானாலும் சரி, வீட்டில் எல்லாரும் அதே ஒன்றையே சொல்லவேண்டும். அப்பா ஒன்றும் பிள்ளைகள் ஒன்றும் அம்மம்மா “ச்சு ச்சு” என்றும் கூப்பிட்டால் குட்டி குழம்பிவிடும். ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள், விருந்தாளிகளுக்கும் உதவும்.

இன்னொன்று விசில். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கடற்கரையில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது, எதிர்க்காற்றில் உங்கள் குரல் குட்டியிடம் போய்ச் சேராது. விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கும் சாதாரண விசில் அந்தக் காற்றையும் தாண்டிக் கேட்கும். விசிலுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, நீங்கள் பதறினாலும் கோபப்பட்டாலும் அதன் சத்தம் மாறாது. அதைச் சும்மா ஊதாமல் ஆபத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கிழமையில் இரண்டு மூன்று தடவை மட்டும் ஊதி, ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி நல்ல சாப்பாடு, ஒவ்வொரு துண்டாக, அரை நிமிடத்துக்குக் கொடுங்கள். மூன்று குறு ஊதல் என்றால் எப்போதும் மூன்று குறு ஊதல்.

கூலி

வீட்டுக்குள் மாரி பிஸ்கட் துண்டு போதும், வெளியே போதாது. ஒழுங்கையில் கோழி ஓடும்போது பிஸ்கட்டுக்காக எந்தக் குட்டியும் திரும்பாது. உப்பில்லாமல் அவித்த கோழி ஈரல், கோழி இறைச்சி, அவித்த முட்டை, முள் எடுத்த அவித்த மீன் எல்லாம் நல்லவை. ஈரலுக்கு வாசம் அதிகம் என்பதால் வெளி வேலைக்கு அதுதான் முதலாவது, ஆனால் கூடினால் வயிறு கழியும். கடலைப் பருப்பு அளவுத் துண்டுகளாக வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரூட்டியில் வைத்துக்கொள்ளலாம். இந்தத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒருநாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம், மிச்சப் பயிற்சிக்குக் குட்டியின் சோற்றிலிருந்தே எடுங்கள்.

கருவாடு வேண்டாம், உப்பு. சொக்கலட், கேக்குக்குப் போடும் பிளம்ஸ், திராட்சை, வெங்காயம் போட்ட கறி, சமைத்த எலும்பு எதுவும் வேண்டாம்.

படி 1: குசினியில், ஒரு முழத் தூரத்தில்

குட்டி பசியாக இருக்கும் நேரம், வீட்டில் சத்தம் குறைந்த நேரம். நிலத்தில் குந்தியிருங்கள், துண்டுகள் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில். குட்டி பக்கத்தில்தான் நிற்கிறது, எங்கும் போகவில்லை. “ஓடிவா” என்று ஒருதடவை சந்தோஷமாகச் சொல்லுங்கள், உடனே, ஒரு விநாடிக்குள், ஒரு துண்டை வாயில் வையுங்கள். அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவேண்டாம், வந்ததா என்றும் பார்க்கவேண்டாம். சொல், துண்டு. சொல், துண்டு. பத்துத் தடவை, அவ்வளவுதான், எழும்பிப் போய்விடுங்கள். ஒருநாளில் இப்படி மூன்று நாலு சுற்று.

நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904 இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் கவனித்தது இதைத்தான். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. யோசித்து முடிவெடுத்து வருவதற்கு முன்பே உடம்பு திரும்பிவிடவேண்டும், அதற்குத்தான் இந்தச் சுற்றுக்கள்.

இங்கே ஒழுங்கு முக்கியம். முதலில் சொல், பிறகுதான் கை அசையவேண்டும். பலர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே கூப்பிடுவார்கள், குட்டி கையைப் பார்த்து வரப் பழகிவிடும், கை வெறுமையாகத் தெரியும் நாளில் வராது.

இரண்டு மூன்று நாளில் சொல் கேட்டவுடன் தலை வெட்டித் திரும்புவதைப் பார்ப்பீர்கள். அப்போது ஒரு அடி பின்னால் தள்ளியிருங்கள். பிறகு குசினி வாசல். பிறகு விறாந்தை.

படி 2: கழுத்துப் பட்டியைப் பிடித்தல்

இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, பாதி நாய்கள் தப்பிப்போவது இங்கேதான். கூப்பிட்டால் வரும், சரியாக ஒரு கை எட்டாத தூரத்தில் வந்து நிற்கும், நீங்கள் குனிந்தவுடன் துள்ளி விலகும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு துரத்துவார்கள், குட்டிக்கு அது நல்ல விளையாட்டு.

தடுப்பது எளிது. குட்டி வந்ததும் ஒரு கையில் உள்ள துண்டை உங்கள் முழங்காலோடு சேர்த்துப் பிடியுங்கள், முகத்தை அங்கே கொண்டுவரும். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோகாமல் நாடிக்குக் கீழால் மெதுவாக விட்டுப் பட்டிக்குள் இரண்டு விரலைக் கொளுவுங்கள். விரல் பட்டிக்குள் இருக்கும்போதே துண்டு வாய்க்குள் போகவேண்டும். ஒரு விநாடி. விடுங்கள். “போ” என்று சொல்லித் திரும்ப விளையாட அனுப்புங்கள். இந்த “போ” மிக அவசியம், வந்தால் விளையாட்டு முடியும் என்ற பயம் குட்டிக்கு வரவே கூடாது. நாளுக்கு நாள் பிடிக்கும் நேரத்தை இரண்டு, ஐந்து விநாடி என்று கூட்டுங்கள். பட்டியில் கை பட்டால் வால் ஆடுகிற அளவுக்கு வந்தால் இந்தப் படி முடிந்தது.

படி 3: ஆளுக்கு ஆள்

அம்மம்மா விறாந்தைக் கதிரையில், மகள் அறைக்குள், நீங்கள் பின் வாசலில். ஆளுக்கு ஐந்து துண்டு. அம்மம்மா கூப்பிடுவார், குட்டி ஓடும், பட்டியில் கை, துண்டு, “போ”. உடனே மகள். பிறகு நீங்கள். குட்டி மூச்சு வாங்க ஓடும், இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், அது இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவதுதான் நல்லது. மழை நாட்களில் இதை ஒளித்துப் பிடித்தாகவும் ஆடலாம், அலுமாரிக்குப் பின்னால் நின்று ஒருதடவை கூப்பிடுங்கள், தேடி வரட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவையுங்கள்: “மகள், ஒருக்காத்தான் கூப்பிடவேணும், வந்தால் குடுக்கவேணும், துரத்தக்கூடாது.”

ஒருக்கா என்பதைப் பெரியவர்களும் பிடித்துக்கொள்ளவேண்டும். “ஓடிவா ஓடிவா ஓடிவா ஓடிவா” என்று சொன்னால் நாலாவது தடவைக்குத்தான் வரவேண்டும் என்று குட்டி படித்துக்கொள்ளும். ஒருதடவை சொல்லியும் வரவில்லையா, சொல்லைத் திரும்பச் சொல்லாமல் கையைத் தட்டுங்கள், முத்தம் கொடுப்பதுபோல் வாயால் சத்தம் போடுங்கள், எதிர்ப்பக்கம் நாலடி ஓடுங்கள். வந்தால் கூலி உண்டு. அடுத்த தடவை இன்னும் கிட்ட நின்று கூப்பிடுங்கள், நீங்கள் கேட்டது அதன் அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம்.

படி 4: வளவுக்குள்

வெளியே இறங்கியவுடன் படித்ததெல்லாம் பறந்துவிட்டதுபோல் இருக்கும். பயப்படவேண்டாம், மண்ணில் அவ்வளவு வாசம் கிடக்கிறது. முருங்கை மரத்தடியில் இரவு பூனை போயிருக்கும், கிணற்றடியில் தவளை, மதிலில் ஓணான், தென்னையில் காகம். குசினியில் பத்து மீற்றர் வந்த குட்டியை வளவில் ஒரு மீற்றரிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

எப்போது கூப்பிடுவது என்பதுதான் இங்கே படிக்கவேண்டியது, இதைக் குட்டியைவிட நீங்கள்தான் அதிகம் படிக்கவேண்டியிருக்கும். மூக்கு நிலத்தோடு ஒட்டி, உடம்பு விறைத்து, வால் அசையாமல் நின்றால் கூப்பிடாதீர்கள், அந்த நேரம் உங்கள் குரல் அதற்கு வெறும் காற்றுதான். கொஞ்சம் பொறுங்கள். மூக்கு மண்ணிலிருந்து விரலளவு எழும்பும், அல்லது ஒரு காது உங்கள் பக்கம் சரியும், அல்லது தலையைத் தூக்கி அடுத்து எங்கே போகலாம் என்று பார்க்கும். அந்த இடம்தான். அப்போது கூப்பிட்டால் அனேகமாக வரும், வந்தால் கூலி, பிறகு “போ” என்று அதே வாசத்துக்கே திருப்பி அனுப்புங்கள். மணந்துகொண்டிருந்த இடத்துக்கே திரும்பப் போக விடுவது சிலவேளை ஈரலைவிடப் பெரிய கூலி.

கூப்பிடும்போது நிமிர்ந்து நின்று குட்டியைப் பார்த்து முன்னால் நடக்கவேண்டாம், அது விலகும். பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள், அல்லது பின்னால் ஓடுங்கள். ஓடுகிறவரைத் துரத்துவது குட்டிக்கு இரத்தத்திலேயே இருக்கிறது.

பத்துக்கு எட்டுத் தடவையாவது முதல் அழைப்பிலேயே வருகிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஐந்தாறுதான் என்றால் இங்கேயே நில்லுங்கள்.

படி 5: நீளக் கயிறு

வளவுக்கு வெளியே குட்டியை அவிழ்த்துவிடும் முன் சில மாதமாவது நீளக் கயிறில் பழக்கவேண்டும். வெளிநாட்டுச் சாமான் தேவையில்லை, மீன்பிடிச் சாமான் கடையில் நைலோன் கயிறு வாங்கலாம், 10 மீற்றர் போதும், சுண்டுவிரல் மொத்தத்தில். மெல்லிய கயிறு கையை அறுக்கும். ஒரு முனையில் துருப்பிடிக்காத கொளுக்கி போட்டுக்கொள்ளுங்கள். இதைக் கழுத்துப் பட்டியில் கொளுவக்கூடாது, ஓடிவந்து கயிறு முடிகிற இடத்தில் இழுபட்டால் கழுத்து போய்விடும், நெஞ்சுப் பட்டியில்தான் கொளுவவேண்டும். கையில் சுற்றி வைக்கவும் கூடாது.

கயிறு குட்டியை இழுத்துக்கொண்டு வருவதற்கு இல்லை. கூப்பிட்டும் வராத நேரம் அது இன்னும் தூரம் போய் நல்ல விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்காமல் நிறுத்திவைக்க மட்டும்தான். கயிறில் கால் வைத்து நில்லுங்கள், பொறுங்கள், திரும்பிப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

படி 6: ஒழுங்கையிலிருந்து கடற்கரைக்கு

இடத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கூட்டவேண்டாம். புது இடம் என்றால் தூரத்தைக் குறையுங்கள், பழகிய இடத்தில் தூரத்தைக் கூட்டுங்கள். விடியற்காலை உங்கள் ஒழுங்கை, பிறகு வெறுமையான ஒரு காணி, பிறகு ஆள் குறைந்த கடற்கரை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சுற்றுலாக்காரர் கூட்டம், ஆனால் காலை ஆறு மணிக்கு மணல் உங்களுடையதுதான். வெயில் ஏறிய பிறகு போகவேண்டாம். புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் குட்டியின் பாதத்துக்கும் அது சூடு.

கடற்கரையில் எனக்கு உண்மையில் பயம் உள்ள ஒரே இடம் கரைவலை இழுக்கிற இடம். கடல் அமைதியான மாதங்களில் காலையில் வலை கரை ஏறும், மடியை அவிழ்த்துக் கொட்டுவார்கள், விலைபோகும் மீனைப் பெட்டிக்குள் அள்ளிவிட்டு உதவாததை மணலிலேயே விட்டுவிடுவார்கள். காகங்கள் இறங்கும், கட்டாக்காலி நாய்கள் வட்டமிடும், உங்கள் குட்டிக்கு இதைவிடச் சொர்க்கம் வேறில்லை. அந்த மிச்சத்துக்குள் பேத்தை மீன் கிடக்கும், வயிறு பந்துபோல் ஊதி, தோலில் சிறு முள்ளோடு, வெயிலில் காய்ந்து தட்டையாகவும் கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு ஒரு குட்டியைக் கொல்லப் போதுமானது, அதற்கு முறிமருந்து கிடையாது. தின்றதாகச் சந்தேகம் என்றால், எச்சில் வடிகிறதா, வாந்தி எடுக்கிறதா, பின்கால் தள்ளாடுகிறதா என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இங்கே பழக்கும் விதம் இப்படி. முதல் நாட்களில் வலை இழுக்கும் இடத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி, காற்று அங்கிருந்து உங்கள் பக்கம் அடிக்காத திசையில் நில்லுங்கள். கயிறு கையில். குட்டி அந்தப் பக்கம் பார்க்கும், பார்க்கட்டும், ஒரு காது திரும்பியவுடன் கூப்பிடுங்கள். வந்தால் வாய் நிறைய ஈரல், ஒரு துண்டு போதாது, ஐந்தாறு துண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை, பிறகு வீட்டுக்கு. அடுத்த கிழமை எண்பது மீற்றர். வராவிட்டால் திரும்ப நூறுக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய நாயாகி, நன்றாகப் பழகியிருந்தாலும் அந்த இடத்தில் கயிறை அவிழ்க்கவேண்டாம் என்பது என் கருத்து.

காற்றுத் திசை குரலுக்கும் பொருந்தும். உங்களிடமிருந்து குட்டியின் பக்கம் காற்று போனால் மெதுவான குரலும் கேட்கும். மாரி காலத்தில் அலைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அப்போது தண்ணீரின் கிட்டப் போகவே வேண்டாம், மேல்மணலில் பயிற்சி செய்யுங்கள்.

குட்டி தப்பி ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள். நாலு கால் உங்கள் இரண்டு காலைவிட வேகம், துரத்துகிறவரைக் கண்டால் அது வீதிப் பக்கம்தான் ஓடும். விசில் ஒருதடவை. பிறகு அது உங்களைப் பார்க்கும்படி எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அல்லது நிலத்தில் குந்தி மண்ணைக் கிளறி ஏதோ பெரிய விஷயம் கண்டதுபோல் இருங்கள், ஆர்வம் தாங்காமல் வரும் குட்டிகள் நிறைய. சாப்பாட்டுத் தகரத்தைக் குலுக்குங்கள். ஆட்டோவில் ஏறிப் பழகிய குட்டி என்றால் ஆட்டோவில் ஏறி இருங்கள், அனேகமாக அதுவும் ஏறும்.

அரை மணி நேரம் அலைக்கழித்துவிட்டு வந்தாலும், கை நடுங்க நடுங்கக் கூலி கொடுத்து மடியில் வையுங்கள். அப்போது ஏசினால் அடுத்த முறை அரை மணி நேரம் போதாது, இருட்டும் வரை வராது.

வெடிச் சத்தத்துக்கு ஓடிய குட்டிக்கு இது எதுவும் பொருந்தாது. தீபாவளிக்கும் புதுவருடத்துக்கும் கோயில் திருவிழா நாட்களிலும் பயந்து ஓடும் நாய்க்குக் காது அடைத்துவிடும், அந்த நாட்களில் மாலையாகும் முன்பே உள்ளே எடுத்து அறையைப் பூட்டிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

நேற்றுவரை பறந்து வந்த குட்டி இன்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போகும். வளரும் பருவம், ஒன்றரை வயது வரைகூட நீளலாம். பழக்கம் அழிந்துபோகவில்லை. கயிறைத் திரும்பப் போடுங்கள், தூரத்தைக் குறையுங்கள், கூலியைக் கூட்டுங்கள். இந்த மாதங்களில் மனம் சலித்துச் சங்கிலியில் கட்டி வைக்கும் வீடுகளைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் போதும்.

பக்கத்தில் ஒரு பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருந்தால் கடுவன் நாய்க்கு எந்தப் பயிற்சியும் நிற்காது, அந்த மூன்று கிழமையும் கயிறுதான். உங்கள் பெட்டை நாய்க்கும் அதேதான். கருத்தடையைப் பற்றி மிருக வைத்தியரிடம் கதையுங்கள்.

பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் சாப்பாடு கொடுக்கத் தேவையில்லை, ஆனால் வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. ஒருதடவை ஈரல், ஒருதடவை தலையைத் தடவுதல், ஒருதடவை பந்து, ஒருதடவை “போ” என்று கடலுக்கு ஓட விடுதல். எது கிடைக்கும் என்று தெரியாத நாய் கெதியாக வரும். கஷ்டமான இடத்திலிருந்து திரும்பி வந்தால் எப்போதும் சாப்பாடு.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு: எவ்வளவு கெட்டிக்கார நாயானாலும் அங்கே கயிறை அவிழ்க்காதீர்கள். புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருவிலும் சாதாரணமாக நிற்கும், மனிதரைக் கண்டு அசையாது, நாய் துரத்தினால் வாகனத்துக்குள்தான் பாயும். பிரதான வீதியோரங்களிலும் இதே சட்டம்.

ஏற்கனவே கூப்பிட்டால் வராத நாய்

மூன்று வயது, ஐந்து வயது நாயை வைத்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். பழைய சொல்லை விட்டுவிடுங்கள், அது அந்த நாய்க்கு ஏச்சும் குளிப்பும் சங்கிலியுமாகக் கெட்டுப்போன சொல். “வா” என்று கூப்பிட்டிருந்தால் இனி “ஓடிவா”, அல்லது வேறொரு புதுச் சொல், நாய் இதுவரை கேட்காதது. முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள், தூங்கும்போது பின்னால் நின்று சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டினால் தெரிந்துவிடும். கேட்டால் குசினியில் குந்தியிருந்து படி 1 இலிருந்து அப்படியே தொடங்குங்கள். எங்கள் ஊர் நாய்கள் தன்பாட்டில் முடிவெடுத்துப் பழகியவை, ஆனால் கூலி உண்டு என்று கண்டுவிட்டால் விரைவாகப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த நாய்க்கு வளவுப் படியில்தான் அதிக நாள் எடுக்கும், நீளக் கயிறில் இன்னும் கூட. அந்த மாதங்களில் அதைக் குளிக்கவார்க்கவேண்டும் என்றால் நீங்களே எழும்பிப் போங்கள், புதுச் சொல்லை மட்டும் வாயில் எடுக்கவேண்டாம்.